முறுக்கினேனா

சன்னாசி வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். அதற்குள் மகேந்திரன் கையில் இருந்த துணியை வீசிவிட்டு, தன் வண்டியை உதைத்துக் கிளப்பி அவர் பின்னாலேயே துரத்தினான். எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தங்கள் குவளைக்குத் திரும்பினார்கள். புக்கிட் ரோத்தான் கடைத்தெருவுக்கு இந்த வேடிக்கை பழகிப் போயிருந்தது. கொஞ்ச நாளாகவே மெக்கானிக் மகேந்திரன், தான் வேலை முடித்து அனுப்பிய மோட்டார் சைக்கிள்களையெல்லாம் விரட்டிப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நிறுத்துங்க! அடி நட்ட ஒருக்கா பாத்துட்டு விட்டுர்றேன்.”

“இப்பதானேய்யா முறுக்குன? நா பக்கத்துலதானே நின்னேன்?”

“நீங்க பாத்தீங்களா? நல்லா முறுக்குனேனா?”

சன்னாசிக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர், பொறுமைக்காரர். சாலையோரப் புல்லில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். மகேந்திரன் அங்கேயே மல்லாந்து படுத்து, இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு, எண்ணெய் வடிக்கிற நட்டில் ஸ்பேனரை மாட்டினான். இறுக்கமாகத்தான் இருந்தது. கைக்குத் தெரிந்தது, மனத்துக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினான். நட்டு எதிர்த்தது, எதிர்த்துக்கொண்டே இருந்து, பிறகு சட்டென்று தொளதொளவென்று சுற்ற ஆரம்பித்தது. உள்ளே திருகு மரை தேய்ந்து போய்விட்டது. புது எண்ணெய் ஒரு சொட்டு திரண்டு அவன் கன்னத்தில் விழுந்தது.

“போச்சா?” என்றார் சன்னாசி.

“போச்சுண்ணே.”

“இறுக்கமா இருந்தத இறுக்கி ஒடச்சிட்டியே! ஒனக்கு என்னதான்லா ஆச்சு?”

கேட்டாரே தவிர, என்ன ஆச்சு என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஆனது இதுதான். மகேந்திரனின் மனைவி மாலாவுக்கு ஒரே தம்பி, தீபன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போக வர மோட்டார் சைக்கிள்தான். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து, “மச்சான், மிஞ்ஞா ஈத்தாம் மாத்திருங்க, செயினும் ரொம்ப தொங்குது” என்றான். இன்ஜின் எண்ணெய்க்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். மகேந்திரன் அடி நட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தான், புதியதை ஊற்றினான், செயினைக் கழுவி ஸ்ப்ரே மருந்து அடித்துத் துடைத்து, தொங்கலை எடுத்துக் கொடுத்தான். மறுநாள் மத்தியானம் கம்போங் குவாந்தான் போகிற சாலையில் ஓர் இடது வளைவில் தீபனின் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பின்னால் வந்த லோரி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

தூக்கிவிட ஓடிவந்தவர்கள் பின் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். எண்ணெய். ஓடித் தேய்ந்த கறுப்பு எண்ணெய் இல்லை, தேன் நிறத்தில் புத்தம் புது எண்ணெய். முந்தின நாள்தானே எண்ணெய் மாற்றியது? அதற்குமேல் யோசிக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. மெக்கானிக் அடி நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டான் என்று நடுச்சாலையிலேயே தீர்ப்பாகிவிட்டது.

மகேந்திரனும் அதைத்தான் நினைத்தான், அதுதான் கொடுமை. வேறொருவன் சொன்னால் சண்டை போடலாம். தன் மண்டைக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்துகொண்டு சொன்னால் என்ன செய்வது? வழக்கமாக நட்டை முறுக்கி முடித்ததும் வெள்ளை மைப் பேனாவால் நட்டையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பான். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். அந்த வெள்ளிக்கிழமை பார்த்துப் பேனா காய்ந்து கிடந்தது. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனான், திரும்பி வந்தான். வந்து முறுக்கினானா, அல்லது விரலால் திருகி வைத்ததோடு மறந்துபோனானா? எண்ணெய் ஊற்றியது நினைவிருக்கிறது. செயினைத் துடைத்தது நினைவிருக்கிறது. தீபன் “தேங்க்ஸ் மச்சான்” என்று முதுகில் தட்டியதுகூட நினைவிருக்கிறது. முறுக்கியது மட்டும் எவ்வளவு துழாவினாலும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமியார் வேலம்மா எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரான் வண்டின்னா இப்படி விடுவீங்களா? மச்சினன் வண்டிதானே, சும்மா செஞ்சு குடுக்கறதுதானேன்னு கை சோந்து போச்சா?”

அன்றோடு ‘மாப்ள’ போயிற்று. அதற்குப் பிறகு வேலம்மாவின் வாயில் அவன் ‘அந்த மெக்கானிக்’. விழுந்த வண்டி அவள் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. அதன்மேல் அவன் கை படக்கூடாது என்று உத்தரவு.

மாலா நல்லவள். கைக்குத் தவறு சகஜம் என்று அம்மாவிடம் அவனுக்காகக் கெஞ்சினாள், அழுதாள், அவன் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்புதான் அவனை அதிகமாகக் குடைந்தது. மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் அவளும் நம்பிவிட்டாள் என்றுதானே? ஆனால் நம்பாதே என்று சொல்ல அவனிடம் என்ன இருந்தது? சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போய்க் கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று பார்ப்பான். தண்ணீர்க் குழாயை மூடுவான், இன்னொரு முறை மூடுவான். படுத்தால் கை தானாக ஸ்பேனர் பிடிக்கும். இப்போது சன்னாசி வண்டியின் மரையும் போய்விட்டது.

அதைக் கேள்விப்பட்டதும் மாலாவுக்குப் பொறுமை தீர்ந்தது.

“இப்படியே போனா இந்த ஊர்ல ஒரு வண்டியும் மிஞ்சாது. போயி தம்பி வண்டியப் பாருங்க. தப்பு ஒங்களதுன்னா ஒங்களதுன்னே ஆகட்டும். தெரியாம இருக்கறதுதான் ஒங்களத் திங்குது.”

“அத்த தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே.”

“அம்மா வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிருவாங்க. ஒங்களுக்கு அம்மா பயமா, வண்டி பயமா?”

வண்டி பயம்தான். தார்ப்பாய் மூடிக் கிடக்கும்வரை ‘ஒருவேளை நான் இல்லையோ’ என்று ஒரு சின்ன இடம் இருந்தது. திறந்து பார்த்து, நட்டு தளர்ந்திருந்தால் அந்த இடமும் போய்விடும். அப்படி ஆனால் கடையை மூடிவிட்டு ரவாங்கில் ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வெள்ளிக்கிழமை கிளம்பினான். ஒரு மனிதனின் காலை முறித்த கை, இன்னொருவன் வண்டியைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

வேலம்மாவின் வீடு ஊருக்கு வெளியே, தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்குப் போடுவது அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை போனால் திரும்ப நேரமாகும். மாலா வேலைக்குப் போயிருந்தாள். தீபன் உள்ளே கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தான். மகேந்திரன் யாரையும் கூப்பிடாமல் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்தான்.

முதலில் நட்டைத் தொட்டான். விரலுக்கு அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டான். இறுக்கம்.

நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. உடனே அடங்கியும் விட்டது. வண்டியைத் தூக்கி வந்தவர்களில் எவனாவது முறுக்கியிருந்தால்? உள்ளே இருக்கிற வாஷரைப் பழையதையே போட்டிருந்தால்? நட்டு இறுகியிருந்தும் ஓரத்தில் கசியுமே. எண்ணெய் அளவைப் பார்த்தான், கொஞ்சம் குறைவு. ஆனால் வண்டி சாலையில் படுத்துக் கிடந்தது, அதில் சிந்தியதாகவும் இருக்கலாம். கியர்த் தண்டு வெளியே வருகிற இடத்து ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் அங்கிருந்து ஒழுகும். எண்ணெய் ஓர் இடத்தில் கசியும், காற்றில் ஓடி இன்னோர் இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவு சொல்கிறவன் மெக்கானிக்கே இல்லை. கசிகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. இன்ஜினை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மேலே முகப்பவுடரைத் தூவி, ஓடவிட வேண்டும். எங்கே முதலில் எண்ணெய் எட்டிப் பார்க்கிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைத் துலக்கினான், துடைத்தான். பையைத் துழாவினால் பவுடர் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். பரபரப்பில் இருப்பவனுக்கு இப்படித்தான் ஆகும். கடைக்குப் போய்வர மனம் இல்லை, போனால் திரும்பி வரும் தைரியம் இருக்குமோ என்னவோ. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். சாமி மாடத்தில் ஒரு தட்டு நிறையத் திருநீறு. ஒரு நொடி தயங்கினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இரு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தான்.

நட்டைச் சுற்றி, ரப்பர் வளையத்தைச் சுற்றி, செயினுக்குக் கீழே இருக்கிற கம்பியின்மேல், எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் அப்பினான். இன்ஜினைக் கிளப்பினான். நடு ஸ்டாண்டில் நின்ற வண்டி உறுமியது. குந்தி உட்கார்ந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்க்கிறவள் மாதிரி கண் இமைக்காமல் பார்த்தான். நட்டைச் சுற்றி வெள்ளை. இன்ஜின் நன்றாகச் சூடேறியது, அப்போதும் வெள்ளை. ரப்பர் வளையமும் வெள்ளை. கியரைப் போட்டுப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டான்.

அப்போது செயினுக்குக் கீழே இருந்த திருநீற்றில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

இன்ஜினை அணைத்துவிட்டுச் செயினைப் பார்த்தான். அவன் துடைத்துக் கொடுத்த செயினா இது? எண்ணெயில் ஊறி, மண் அப்பி, செயின் மூடிக்கு அடியில் தேங்கி நின்றது. செயினுக்கு எண்ணெய் போடுவது பாதி வேலைதான், மிஞ்சியதைத் துடைத்தெடுப்பதுதான் மீதி. துடைக்காமல் விட்டால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் அத்தனையும் டயரில் தெறிக்கும். டயரைத் திருப்பினான். எண்ணெய்க் கறை இடது ஓரத்தில் மட்டும்தான் இருந்தது, செயின் இருக்கிற பக்கம். அடி நட்டிலிருந்து வந்திருந்தால் இன்ஜினின் வயிறெல்லாம் நனைந்து, டயரின் நடுவில் விழுந்திருக்கும். இடது பக்கம் சாய்த்தபோதுதான் தீபனுக்கு வழுக்கியது.

விரலில் தொட்டு மோந்து பார்த்தான். இன்ஜின் எண்ணெய் வாடை இல்லை. சிக்கு வாடை அடிக்கும் நல்லெண்ணெய். செயினின் ஒரு கண்ணியில் ஏதோ நூல் மாதிரி சிக்கியிருந்தது. பிடுங்கினால் கருகிய விளக்குத் திரித் துண்டு.

மகேந்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முறுக்கியிருக்கிறேன். நான் முறுக்கியிருக்கிறேன். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. எழுந்து ஓடிப் போய்க் கோப்பிக் கடை நடுவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

அந்த மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்தது உறைத்தது. கோயில் விளக்கில் மிஞ்சுகிற எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது இந்தத் தெருவில் யார்? மாமனார் உயிரோடு இருந்தவரை அவர் வேலைக்குப் போகிற சைக்கிள் செயினுக்கு, சாமி எண்ணெய் துணையாக இருக்கும் என்று வாராவாரம் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள் வேலம்மா. மிதித்து ஓட்டுகிற சைக்கிள், தோட்டத்து மண்பாதை. அது தாங்கியது. அவர் ஒரு நாளும் விழுந்ததில்லை.

“பாத்துட்டீங்களா மச்சான்?”

குரல் சன்னலிலிருந்து வந்தது. தீபன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான்.

“ஒனக்குத் தெரியுமா?”

தீபன் சன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

“டேய், நா பைத்தியக்காரனாட்டம் ரோட்டுல படுத்துக் கெடந்தேன்டா! ஊரே சிரிச்சுது. நீ தெரிஞ்சுக்கிட்டே படுத்திருந்தியா?”

“கத்தாதீங்க மச்சான். அன்னிக்குக் காலையில வண்டி சர்வீஸ் பண்ணி வந்திருக்குன்னு அம்மா பொட்டு வச்சாங்க, எலுமிச்சம்பழம் வச்சாங்க. அப்பா சைக்கிளுக்கு ஊத்துற மாதிரியே செயினுக்கும் ஊத்துனாங்க. நா கைப்போனப் பாத்துக்கிட்டு நின்னேன். தொடச்சிருக்கணும், தொடைக்கல. ஆஸ்பித்திரியில கழட்டிப் போட்ட என் சிலுவார்ல, கால்சட்டையில, அந்த வாடை வந்தப்பதான் புரிஞ்சுது.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“எப்படிச் சொல்றது? அப்பா போன பொறவு அவங்களுக்கு என்ன இருக்கு? அந்தக் கோயிலு, அதுக்கப்புறம் நானு. சாமி வெளக்கு எண்ணதான் புள்ளையக் கீழ தள்ளுச்சுன்னு சொன்னா ரெண்டுமே போயிரும் மச்சான். ஒங்க மேல பழின்னா என்ன, ரெண்டு மாசம் பேசுவாங்க, அப்புறம் வேற கதைக்குப் போயிருவாங்க. இனிமே என் வண்டிச் செயினுக்கு நானே ஸ்ப்ரே அடிச்சுக்கிறேன், அம்மாவக் கிட்ட விடமாட்டேன். தயவுசெஞ்சு சொல்லிராதீங்க.”

அடுத்தவன் முதுகில் வைக்கிற மூட்டை யாருக்கும் லேசாகத்தான் தெரியும். மகேந்திரனுக்கு அவனை இழுத்துப் போட்டு இன்னொரு காலையும் முறிக்கலாமா என்றுதான் முதலில் இருந்தது. கொஞ்ச நேரம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். வேலம்மா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது கண்முன் வந்தது. மகன் விழுந்தது தன் கை ஊற்றிய எண்ணெயால்தான் என்று தெரிந்தால் அவள் தாங்குவாளா? எனக்குத்தான் உண்மை தெரிந்துவிட்டதே, எனக்கு அது போதாதா? இப்படியெல்லாம் யோசித்தபோது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். நெஞ்சு நிமிர்ந்தது.

“மாலாகிட்டயும் சொல்லாதீங்க. அக்கா வாயில நிக்காது” என்றான் தீபன்.

“சொல்லல. போயிப் படு.”

செயினைக் கழுவித் துடைத்து முடித்து, தார்ப்பாயை எடுக்கும்போது வேலம்மா வந்துவிட்டாள். கொல்லைப் பக்கம் நின்று அவனைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். இன்ஜினெல்லாம் திருநீறு. அவன் கையெல்லாம் திருநீறு. திட்டு வரப்போகிறது என்று அவன் தலையைக் குனிந்தான். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அம்மா வீட்டுக்குப் போன மாலா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள்.

“ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொன்னாங்க. ‘மாப்ளையக் கூட்டிட்டு வா’ன்னு சொன்னாங்கங்க, மாப்ளன்னு! வண்டிக்குத் திருநீறு பூசி சாமிகிட்ட மன்னிப்பு கேட்டீங்களாமே? அம்மா அழுதுட்டாங்க. எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல நீங்க.”

அவன் வாயைத் திறந்தான். தீபனின் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான். அப்படியானால் நட்டைப் பார்த்தீர்களா என்று மாலா கேட்டபோது, “பாத்தேன். விடு, அதப் பத்திப் பேச வேணாம்” என்றான். அவள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அவன் கையைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலில் அவனுக்கு உடம்பு கூசியது. உண்மை தெரிந்துவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தான்? நட்டுகளை விரட்டுவது நின்றது, அது உண்மை. ஆனால் ஓர் இடத்தில் உட்கார மட்டும் முடியவில்லை. யாராவது அன்பாகப் பேசினால் எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவனுடைய வண்டியிலேயே போனார்கள். வேலம்மா கோழிக்கறியும் ரசமும் வைத்திருந்தாள். அவளே பரிமாறினாள்.

“நடந்தது நடந்து போச்சு மாப்ள. நானும் ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டேன். நீங்க சாமி முன்னால ஒத்துக்கிட்டீங்க பாருங்க, எனக்கு அது போதும். நல்லா சாப்பிடுங்க.”

மகேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எதிரே தீபன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாலா மட்டும் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா வீட்டுச் சாப்பாடு அவளுக்கு ருசித்தது. கோலா சிலாங்கூரில் ஒரு பேரங்காடியில் அவளுக்கு மத்தியானம் வேலை. சாப்பிட்டதும், “நா வண்டிய எடுத்துட்டுப் போறேன், நீங்க தம்பிகூட இருங்க” என்று தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.

மகேந்திரன் வாசல் குழாயில் கை கழுவ வந்தான். மாலா வண்டியில் ஏறி உட்கார்ந்து கவசத்தின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பின்சக்கரத்தின் பக்கத்திலிருந்து வேலம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல்.

“ஒங்க வண்டிக்கும் ஒரு சொட்டு விட்டேன் மாப்ள. வெள்ளிக்கெழம வெளக்கு எண்ண. இனிமே ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது.”

ஒரு சொட்டு என்றாள். போத்தலில் பாதி காலி. செயினிலிருந்து வழிந்து, சக்கரத்தின் விளிம்பில் இறங்கி, டயரின் இடது ஓரத்தில் தேன் நிறத்தில் மினுமினுத்தது. மாலா இன்ஜினைக் கிளப்பிக் கியரைத் தட்டினாள்.

“மாலா!”

அவன் போட்ட கத்தலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஓடிப் போய்ச் சாவியைத் திருகிப் பிடுங்கினான்.

“எறங்கு. எறங்குன்னு சொல்றேன்ல!”

“என்னங்க ஆச்சு?”

“அத்த,” என்றான். டயரைக் காட்டினான். “செயினுக்கு ஊத்துன எண்ண டயருக்குப் போவுது, பாருங்க. வளைவுல சாஞ்சா வழுக்கும்.”

வேலம்மா டயரைப் பார்த்தாள். குனிந்து தொட்டாள். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பின்பக்கம், தீபனின் வண்டி கிடக்கிற திசையில் அவள் தலை மெதுவாகத் திரும்பியது.

“அன்னிக்கும் இதுதானா?”

இல்லை என்று சொல்ல அவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. சொல்லியிருப்பான். ஆனால் எதிரே மாலா கவசத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமா அத்த.”

“நட்டு?”

“நட்டு இறுக்கமாத்தான் இருந்துச்சு.”

“அப்ப அந்தத் திருநீறு?”

“எண்ண எங்கேருந்து வருதுன்னு பாக்கத் தூவுனேன்.”

“எம் மவனுக்கும் தெரியுமா?”

அவன் கண் வீட்டுக்குள் தீபன் பக்கம் போயிற்று. வேலம்மாவின் உதடு துடித்தது. இதோ உடைந்து விழப்போகிறாள் என்று அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா நா அழுதிருப்பேன். ரெண்டு நாளு சோறு தின்னாமக் கெடந்திருப்பேன். அவ்வளவுதானே மாப்ள? இன்னிக்கு எம் மவ ஏறிப் போயிருந்தா? அவ விழுந்த பொறவும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்திருப்பீங்களா?”

“சாமி எண்ணயாச்சே அத்த. ஒங்க மனசு தாங்காதுன்னு...”

“சாமிக்கும் எனக்கும் உள்ளத நா பாத்துக்கிறேன். கேக்கறத அந்த மாரியம்மங்கிட்ட நா கேட்டுக்குவேன். அதுல நடுவுல ஒங்களுக்கு என்ன வேல?”

போத்தலைத் திண்டில் டக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தீபனின் அறையிலிருந்து அவள் குரல் உயர்ந்தது. “ஒன் காலு எப்படிப் போச்சுன்னு பெத்தவளுக்கு யாருடா சொல்லணும்?” என்று கேட்டாள். அதற்கு மேல்தான் அழுகை வந்தது, அதுவும் திட்டோடு சேர்ந்தே வந்தது.

மகேந்திரன் மண்ணெண்ணெயும் சோப்பும் துணியும் தேடி எடுத்து வந்தான். செயினைக் கழுவினான். டயரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான், தண்ணீர் விட்டான், துடைத்தான். மறுபடியும் தேய்த்தான். மாலா கவசத்தைக் கழற்றாமல் பக்கத்தில் நின்றாள்.

“ஒங்களுக்காக அம்மா கால்ல விழாத கொறையாக் கெஞ்சுனேன்” என்றாள் கடைசியில். “நீங்க தப்பு செஞ்சீங்கன்னு நெனச்சுத்தான் கெஞ்சுனேன். செய்யலன்னு தெரிஞ்ச பொறவும் எங்கிட்ட சொல்லல. நா ஒங்க கையத் தடவிக் குடுத்தப்பவும் சும்மா உக்காந்திருந்தீங்க.”

“ஒன் தம்பிதான் சொல்ல வேணாம்னான்.”

“நா தம்பியக் கட்டிக்கல.”

அவன் துணியைப் பிழிந்து இன்னொரு முறை துடைத்தான். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். செயினில் ஈரம் இல்லை, டயர் நன்றாகக் காய்ந்திருந்தது.

“சுத்தமா எடுத்துட்டேன் மாலா. பயமில்ல, தைரியமாப் போ.”

மாலா சாவிக்குக் கையை நீட்டவில்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். டயரின் இடது ஓரத்தில் விரலை வைத்து, சக்கரத்தை மெல்ல உருட்டி, ஒரு சுற்று முழுவதும் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள். இன்னொரு சுற்று உருட்டினாள். பிறகு எழுந்து, அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவன் சரி பார்த்துக் கொடுத்த வண்டியை அவள் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறியது அதுதான் முதல் தடவை.